பெயரை விரும்பாத வள்ளல்

1823-இல் சிதம்பரத்தை அடுத்த மருதூரில் தோன்றிய இராமலிங்க அடிகள் ஆயிரக்கணக்கில் பாடினார். பாடுவிப்பவன் இறைவனே என்பது அவர் நம்பிக்கை. அப்பாடல்களை அச்சேற்ற இசைவு வேண்டி, இறுக்கம் இரத்தின முதலியார் ஒருவேளை உணவே உண்டு நோன்பிருந்தார். அடிகள் இசைந்தார்; ஆனால் தம் பெயரை ‘இராமலிங்கசாமி’ என அச்சிடல் ஆரவாரம் என்று தடுத்தார். 1867-இல் தொழுவூர் வேலாயுத முதலியார் முயற்சியால் ‘திருவருட்பா’ வெளிவந்தது. அவை அருட்பாவே அல்ல என ஆறுமுக நாவலர் மறுத்தார், பூசல் நீண்டது.

இதனைப் படித்தபின், இக்கட்டுரையில் என் பெயருக்குமுன் எழுதியிருந்த ‘கவிஞர்’ என்ற சொல்லை அடித்துவிட்டேன். பெயரை அடிக்க மனம் வரவில்லை. எங்கள் குடும்பத்தில் அச்சேறும் முதற்பெயர் அது. கைநாட்டு வைக்கும் என் தந்தைக்குக் காட்டவேண்டும்.