காரீயத்தில் கணக்குக் கண்ட கிருஷ்ணன்

கல்வியால் உயர்ந்த பெரியார்களின் சரிதத்தை இளைஞர் முன் வைப்பது ஆண்டு மலரொன்றின் கடமைகளுள் தலையாயது. இம்மலரில் நாம் எடுத்துக்கொண்டவர் சேர் கரியமாணிக்கம் ஸ்ரீநிவாச கிருஷ்ணன் அவர்கள். இராமன் விளைவைக் கண்டறிந்த காலத்தில் சந்திரசேகர வேங்கட இராமனுக்கு வலக்கையாய் நின்றவர் என்ற அளவிலேயே பலரும் அவரை அறிவர். ஆனால் இலத்திரனியல் பயிலும் நம் தோட்டத்து மாணவருக்கு அவர் இன்னும் நெருங்கியவர். வகுப்பிலே மனனம் செய்துவிட்டுப் பொருள் விளங்காமல் அவர்கள் தவிக்கும் பெர்மி மட்டம் என்பதை, வெறுங் காரீயத்திலே தேடிச் சென்றவர் அவர். அக்காரீயமோ நமது சபரகமுவ மண்ணின் செல்வம். கேகாலை மாவட்டத்துப் போகலச் சுரங்கம் அதற்குப் பேர்போனது.

கிருஷ்ணன் 1898ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் தமிழகத்தின் தென்பகுதியிலுள்ள வத்திராயிருப்பு என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் உழவுத் தொழிலினர். தமிழிலும் வடமொழியிலும் தேர்ந்தவர். இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து நம் முன்னோர் பலர் கூடையும் மூட்டையுமாய்க் கடல் கடந்தனர். அதே வட்டாரத்து மண்ணில்தான் இவரும் நடை பயின்றார்.

மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் கற்ற கிருஷ்ணன், பின்னையதிலேயே இரசாயன ஆய்வுகூடத்தில் செய்முறை காட்டும் பணியேற்றார். அங்கே மதிய உணவு வேளையில் அவர் ஒரு வழக்கத்தைத் தொடங்கினார். பௌதிகம், இரசாயனம், கணிதம் ஆகியவற்றில் யாருக்கு எந்த ஐயமிருந்தாலும் வந்து பேசலாம். அயற்கல்லூரி மாணவரும் அங்கு தேடி வந்தனர். விளங்காததை விளங்கவில்லை என்று வாய்விட்டுச் சொல்ல ஓரிடம் வேண்டும் என்பதை இளமையிலேயே அவர் உணர்ந்திருந்தார்.

பின்னர் கல்கத்தா சென்று இராமனிடம் ஆராய்ச்சி பயின்றார். 1928 பெப்ரவரியில் இராமன் விளைவு வெளிப்பட்டது. அவ்வாண்டின் இறுதியில் டாக்கா சர்வகலாசாலையில் பதவியேற்றுப் பளிங்குகளின் காந்த குணங்களை ஆராயலானார். 1933இல் மீண்டும் கல்கத்தா வந்து அவ்வாராய்ச்சியைத் தொடர்ந்தார்.

இங்கே பெர்மி மட்டம் யாதென்று சற்று நின்று பார்ப்போம். திண்மப் பொருளில் இலத்திரன்களுக்குச் சக்திப் படிகள் உண்டு. ஒரு நிலையில் ஓர் இலத்திரனே இருக்கலாம். ஆதலால் கீழ்ப்படிகள் நிரம்பிய பின்பே மேற்படிகளில் அவை ஏறும். வெப்பம் இவ்வொழுங்கை எவ்வளவு கலைக்கும் என்னும் கணக்கை 1926இல் இத்தாலியரான என்ரிக்கோ பெர்மியும் ஆங்கிலேயரான டிராக்கும் தனித்தனியே வகுத்தனர். எந்த உயரத்தில் ஒரு நிலை இருந்தால் அது நிரம்பியிருக்கச் சரிபாதி வாய்ப்புண்டோ, அதுவே பெர்மி மட்டம்.

தேயிலை மலையொன்றை எண்ணிக்கொள்வோம். கீழ்மலை நிரைகளில் எங்கும் ஆட்கள். மேல்மலை நிரைகள் வெறுமை. இடையே காலூன்ற முடியாத கற்பாறை. குறைகடத்தியின் நிலை இதுவே. பெர்மி மட்டம் அப்பாறையின் மேல் இட்ட கோடு போன்றது. அக்கோட்டில் ஆள் எவரும் நிற்பதில்லை. ஆயினும் மேலே எத்தனை பேர் ஏறுவர், கீழே எத்தனை இடம் காலியாகும் என்பதை அதுவே தீர்மானிக்கும். தூய சிலிக்கனில் பாறையின் உயரம் சுமார் 1.1 இலத்திரன் வோல்ற்று; கோடு ஏறக்குறைய அதன் நடுவில். பொசுபரசு சிறிது கலந்தால் கோடு மேலேறும். போரன் கலந்தால் கீழிறங்கும். இவ்விருவகையும் ஒட்டி நிற்குமிடத்தில், குழாயால் இணைத்த இரு தொட்டிகளின் நீர் போல, இலத்திரன்கள் பெயர்ந்து இருபுறத்துக் கோடும் ஒன்றாகும். டயோட்டும் திரான்சிஸ்டரும் பிறந்தது இந்த நியதியிலிருந்தே.

கிருஷ்ணன் காரீயப் பளிங்கை எடுத்துக்கொண்டார். அது ஏடு ஏடாக அடுக்கிய கரி. காந்தம் அதனை விலக்கும். ஏடுகளுக்குச் செங்குத்தான திசையில் அவ்விலக்கம் மிக அதிகம். கங்குலி என்பாருடன் சேர்ந்து, வெப்பம் ஏற ஏற இக்குணம் எவ்வாறு மாறுகிறது என்று அளந்து, 1941இல் முடிவை வெளியிட்டார். செம்பின் பெர்மி மட்டத்தை வெப்பநிலையாகக் கூறினால் ஏறத்தாழ 80,000 கெல்வின். அறையின் வெப்பமோ 300 கெல்வின். எனவே செம்பின் இலத்திரன்களுள் உச்சியிலுள்ள சிலவே அசையும். காரீயத்தில் அந்த அளவு 520 கெல்வின் மட்டுமே என அவர்கள் கணித்தனர். அதனாலேயே சாதாரணச் சூடும் அதன் காந்த குணத்தை மாற்றுகிறது என விளக்கினர். பின்வந்தோர் காரீயத்தின் அமைப்பை நுணுகி ஆராய்ந்து இக்கணக்கைத் திருத்தினர். எனினும் ஏட்டுச் சூத்திரத்தைக் கையிலெடுத்த கனியத்தோடு ஒப்பிட்டுக் கேட்ட அந்த வழி என்றும் வழியே.

1940இல் இலண்டன் றோயல் சங்கம் அவரை உறுப்பினராக ஏற்றது. 1946இல் சேர் பட்டம் வந்தது. 1947இல் புதுடில்லித் தேசியப் பௌதிக ஆய்வுகூடத்தின் முதல் இயக்குநரானார். அங்கும் காரீயத்தை மறந்தாரில்லை. சூடேறிய காரீயத்திலிருந்து இலத்திரன்கள் வெளியேறுவதை 1950களில் ஆராய்ந்தார். அவ்வாறு வெளியேற வேண்டிய சக்தியும் பெர்மி மட்டத்திலிருந்தே அளக்கப்படுவது. இத்தனை உயர்விலும் தமிழ் இலக்கியத்தில் அவருக்கிருந்த ஈடுபாடு குன்றவில்லை. விஞ்ஞானத்தைத் தாய்மொழியில் சொல்ல முடியும் என்று நம்பி, தமிழிலும் எழுதினார். 1961 ஜூனில் அவர் மறைந்தார்.

விஞ்ஞானப் பிரிவுள்ள பாடசாலைக்கு இரத்தினபுரி, கேகாலைத் தோட்டப் பிள்ளைகள் நெடுந்தூரம் நடந்த காலத்தை நாம் அறிவோம். இக்கல்வி நமக்கு எட்டாதது என்ற சோர்வு அந்த நடையிலும் கொடியது. அதைப் போக்கக் கிருஷ்ணன் காட்டிய வழி எளிது. வாரம் ஒருநாள் மூத்த மாணவரும் இளையவரும் ஓரிடத்தில் கூடட்டும்; விளங்காததைத் தமிழிலே கேட்கட்டும்; தெரிந்தவர் சொல்லட்டும். அதற்குப் பெருங்கட்டிடம் வேண்டாம். சங்கத்தின் வாங்குகளும் ஒரு கரும்பலகையும் போதும்.