ஓர் அணுவிலிருந்து ஒரு குலம்

பாஸ்டரின் பெயரை அறியாத மாணவர் நம்மிடையே இல்லை. அவருக்கு அடுத்தபடியாக, ஈஸ்டைக் கையாளும் ஆராய்ச்சிக்கூடங்களில் புகழோடு வழங்கும் பெயர் எமில் கிறிஸ்டியன் ஹான்சன். தமிழ்நாட்டை விட்டு வந்து, வடநாட்டில் ஈஸ்டோடு பொழுதைக் கழிக்கும் எனக்கு அவருடைய வரலாற்றில் தனிப் பற்று உண்டு.

ஹான்சன் 1842-இல் டென்மார்க்கில் ரீபே என்னும் ஊரில், எளிய குடும்பத்தில் பிறந்தார். இளமையில் வீடுகளுக்கு வண்ணம் பூசிப் பிழைத்தார். ஆயினும் கல்வியின்மேல் கொண்ட ஆசை அவரை விடவில்லை. கதைகள் எழுதிப் பொருள் ஈட்டிப் படித்தார். 1876-இல், சாணத்தில் வளரும் பூஞ்சைகளைப் பற்றி எழுதிப் பொற்பதக்கம் பெற்றார். அதே ஆண்டில், டார்வினின் பீகிள் கப்பற்பயண நூலை மற்றோர் அறிஞருடன் சேர்ந்து டேனிஷ் மொழியில் பெயர்த்தார்.

பின்னர்க் கோபன்ஹேகனில் உள்ள கார்ல்ஸ்பர்க் ஆராய்ச்சிக்கூடத்தில் சேர்ந்து, 1879 முதல் அதன் உடலியல் பிரிவுக்குத் தலைவராக விளங்கினார். அக்காலத்தில் பியர் அடிக்கடி கெட்டுக் கசந்தது. பாக்டீரியாவே அதற்குக் காரணம் என்று பாஸ்டர் கூறியிருந்தார். ஹான்சனோ ஈஸ்டின்மீதே ஐயங்கொண்டார். தொட்டியில் இடும் ஈஸ்ட் ஓர் இனமன்று. பல வகைகளின் கூட்டம். தீய காட்டு ஈஸ்டும் அதில் கலந்திருக்கிறது என்று கண்டார். ஈஸ்டை நீரில் மேன்மேலும் கரைத்துத் தனித்தனி அணுவாகப் பிரித்தார். ஒற்றை அணு பெருகுவதை நுண்ணோக்கியில் பார்த்து உறுதி செய்தார். அவ்வாறு பிறந்த தூய ஈஸ்டை 1883 நவம்பரில் கார்ல்ஸ்பர்க் ஆலை பயன்படுத்தத் தொடங்கியது.

ஆலையின் தலைவர் யாக்கப்சன் அந்த ஈஸ்டைப் பூட்டி வைக்கவில்லை. போட்டி ஆலைகளுக்கும் வழங்கினார்! ஹான்சன் தம் முறையை உலகறிய எழுதினார்.

இதனால் நமக்கு என்ன என்று கேட்கலாம். இன்று நாங்கள் ஈஸ்டைக் குடுவையில் நாள்தோறும் புதிய உணவுக்கு மாற்றி, நூற்றுக்கணக்கான தலைமுறைகள் வளர்க்கிறோம். அதன் உணவைக் கடினமாக்குகிறோம், தாக்குப்பிடிப்பவை பெருகுகின்றன, மற்றவை மறைகின்றன. வைக்கோலிலும் மரக்கழிவிலும் உள்ள சைலோஸ் என்னும் சர்க்கரையைச் சாதாரண ஈஸ்ட் பயன்படுத்தாது. அதற்குரிய மரபணுவைச் சேர்த்து, இவ்வாறு வளர்த்துத் தேர்ந்தெடுத்தபின், அது அச்சர்க்கரையை எரிசாராயமாக மாற்றுகிறது. டார்வின் இயற்கையில் கண்டதைக் குடுவைக்குள் விரைந்து நடத்துகிறோம்.

ஆனால் தொடக்கத்தில் உள்ள ஈஸ்ட் கலப்பாக இருந்தால், பின்னர் எழும் திறமை புதிதாய்ப் பிறந்ததா, முன்பே ஒளிந்திருந்ததா என்று எவ்வாறு அறிவது? ஆகையால் ஒவ்வொரு சோதனையையும் ஓர் அணுவின் குலத்திலிருந்தே தொடங்குகிறோம். அந்த முதற்படியை வெட்டியவர்களுள் ஹான்சன் தலையாயவர்.

1909-இல் அவர் மறைந்தார். வறுமை கல்விக்குத் தடையாகும் என்று அஞ்சும் நண்பர்களுக்கும், அறிவைப் பூட்டி வைத்தால்தான் ஆதாயம் என்று எண்ணுவோருக்கும், அந்த வண்ணம் பூசியவரின் வாழ்க்கை நல்ல பாடம் அன்றோ!