ஊமைகளுக்கு இதழ் தந்த பேராசிரியர்

1918இல் பம்பாய் சிடனம் கல்லூரியில் அரசியல் பொருளாதாரப் பேராசிரியராகப் பொறுப்பேற்ற அண்ணல் அம்பேத்கர், செய்தித்தாளையும் சாதி அதிகாரத்தின் களமாகவே கண்டார். கோலாப்பூர் மன்னர் சாகு மகாராஜின் உதவியுடன் 1920 சனவரி 31இல் ‘மூக்நாயக்’ இதழைத் தொடங்கினார். கட்டணம் தர முன்வந்தும் அதன் விளம்பரத்தை வெளியிடக் ‘கேசரி’ மறுத்தது. மகத் போராட்டத்தையொட்டி 1927இல் ‘பகிஷ்கிருத் பாரத்’, 1930இல் ‘ஜனதா’, 1956இல் ‘பிரபுத்த பாரத்’ எனத் தொடர்ந்தார்.

1943இல் புனேயில் ஆற்றிய ரானடே நினைவுரையில், இதழியல் அறம் துறந்து வணிகமாகவும் தலைவர் வழிபாடாகவும் சுருங்கியதைக் கண்டித்தார். 1945இல் வெளியான நூலில், செய்தி நிறுவனப் பணியிடங்கள் பார்ப்பனர் வசமிருப்பதால் ஒடுக்கப்பட்டோர் செய்தி உலகை எட்டவில்லை எனச் சுட்டினார்.

போடிமெட்டுச் சரிவில் ஜீப்பேறி ஏலத்தோட்டம் செல்லும் பெண்கள், வண்டி கவிழ்ந்தால் செய்தியாகின்றனர். அவர்களது கூலி செய்தியாவதில்லை. அம்மௌனத்தைக் கலைப்பதே அண்ணலுக்கு நாம் தீர்க்க வேண்டிய கடன்.