மழையில் வாங்கிய கோப்பை: கோல்ஃப் வீரர் பாப்வா சிவ்கோலம்

நெகிரி செம்பிலான் ரப்பர் தோட்டங்களில் துரைமார் காலத்தைப் பார்த்த குடும்பங்களுக்கு இது புதிய செய்தி இல்லை. கிளப் என்றால் அது வெள்ளைக்காரத் துரைமாருக்கு மட்டுமே. புல் வெட்டவும் தட்டு ஏந்தவும் நம்மவர்கள் உள்ளே போகலாம். சரிசமமாக உட்கார முடியாது.

இதே நிலையைத் தென்னாப்பிரிக்காவில், கையில் வெற்றிக் கோப்பையோடு அனுபவித்தவர் பாப்வா சிவ்கோலம்.

1860 நவம்பர் 16-ஆம் தேதி, மதராசிலிருந்து சென்ற ட்ரூரோ கப்பல் முதல் இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்களை டர்பனில் இறக்கியது. மலாயாவுக்கு வந்த சஞ்சிக்கூலிகள் போலத்தான் அவர்களும். அங்கே கரும்புத் தோட்டம், இங்கே ரப்பர் தோட்டம். அந்த இந்தியச் சமூகத்தில் பிறந்தவர் சிவ்சங்கர் சிவ்கோலம். பாப்வா என்பது செல்லப் பெயர்.

அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கோல்ஃப் திடலில் ஆட்டக்காரர்களின் பையைச் சுமந்து பிழைத்தார். பயிற்றுநர் யாரும் இல்லாததால் மட்டையைத் தலைகீழாகப் பிடித்துப் பழகினார். வலக்கை ஆட்டக்காரர்கள் வலது கையைக் கீழே வைப்பார்கள். அவர் இடது கையைக் கீழே வைத்தார். அந்தப் பிடிக்குப் பின்னாளில் அவர் பெயரே நிலைத்தது.

அவருடைய திறமையைக் கண்டவர் கிரஹாம் வுல்ஃப். வெள்ளைக்காரத் தொழிலதிபர், தாமும் கோல்ஃப் ஆடுபவர். தம்மைவிட நன்றாக ஆடும் ஒரு தொழிலாளியை மட்டம் தட்டாமல், தமது செலவில் ஐரோப்பாவுக்கு அழைத்துச் சென்றார். 1959-இல் பாப்வா நெதர்லாந்துப் பொதுப் போட்டியை வென்றார். 1960-இலும் 1964-இலும் மீண்டும் வென்றார்.

கோல்ஃப் எதிராளியை நம்பி ஆடும் ஆட்டம். ஒருவரின் அடிக்கணக்கை உடன் ஆடும் போட்டியாளரே குறிக்கிறார். 1925 அமெரிக்கப் பொதுப் போட்டியில், தம் பந்து இலேசாக அசைந்ததை வேறு யாரும் பார்க்காதபோதும், பாபி ஜோன்ஸ் தாமாகவே ஓர் அடி தண்டம் ஏற்றுக்கொண்டார். முடிவில் சமநிலை; கூடுதல் ஆட்டத்தில் பட்டம் கைநழுவியது. தன் ஆதாயத்தைவிட எதிராளிக்குரிய நியாயத்தைப் பெரிதாக நினைப்பதே இந்த ஆட்டத்தின் பெருமை.

அந்தப் பெருமை 1963-இல் டர்பனில் சோதிக்கப்பட்டது. நேட்டால் பொதுப் போட்டியில் வெள்ளையர்களோடு ஆடி பாப்வா வென்றார். பரிசளிப்பு நேரத்தில் மழை. இனஒதுக்கல் காரணமாக கிளப் கட்டடத்திற்குள் அவருக்கு இடமில்லை. வெள்ளையர்கள் உள்ளே இருக்க, வெற்றியாளர் வெளியே நனைந்தபடி கோப்பையை வாங்கினார். அந்தப் படம் உலகப் பத்திரிகைகளில் வந்தது. தென்னாப்பிரிக்காவை விளையாட்டு அரங்கிலிருந்து விலக்க வேண்டும் என்ற குரலுக்கு அது வலு சேர்த்தது. 1964 தோக்கியோ ஒலிம்பிக்கில் அந்நாட்டுக்கு இடம் கிடைக்கவில்லை.

1965-இல் பாப்வா அதே நேட்டால் போட்டியில் உலகப் புகழ்பெற்ற கேரி பிளேயரையே முந்தினார். அதற்குப் பிறகு அரசு பொறுக்கவில்லை. வெள்ளையர் பங்கேற்கும் போட்டிகளில் ஆடத் தடை வந்தது. கடவுச்சீட்டும் பறிக்கப்பட்டது. ஆட்டமே பிழைப்பாக இருந்தவர் வறுமையில் வாடினார். 1978-இல், ஐம்பது வயதை எட்டும் முன்பே காலமானார். பின்னாளில் டர்பனில் ஒரு கோல்ஃப் திடலுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

தடையால் பாப்வா இழந்தது பிழைப்பை. அவரை வெளியேற்றியவர்களும் ஒன்றை இழந்தார்கள். அதற்குப் பிறகு நேட்டால் கோப்பையைத் தூக்கியவர்கள் பாப்வாவை வென்று அதைத் தூக்கவில்லை. பலமான எதிராளியைத் திடலுக்கு வெளியே நிறுத்திவிட்டுப் பெறும் வெற்றிக்கு எடை குறைவு.

நெகிரி செம்பிலானில் பல தோட்டங்கள் இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. காற்பந்தும் சடுகுடுவும் ஆடும் தோட்டப் பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் வேறு திடல்களுக்கும் போகிறார்கள். பக்கத்து அணியில் நம்மைவிட வல்லவன் ஒருவன் வந்தால், அவனைப் பட்டியலிலிருந்து நீக்க வழி தேடுவதா, வா தம்பி என்று கூப்பிட்டு மோதிப் பார்ப்பதா? பாப்வாவின் வாழ்க்கை அவர்கள் முன் வைக்கும் கேள்வி இதுதான்.