கல்லறை அறியப்படாத வழிப்போக்கர்

பாலைநிலத்தில் நாற்பது ஆண்டுகள் அலைந்த இஸ்ரயேல் மக்களிடம் இறைவனுக்கென்று கற்கோயில் இருக்கவில்லை; கூடாரமே இருந்தது. மக்கள் நகர்ந்தபோதெல்லாம் அதுவும் சுமந்து செல்லப்பட்டது. நம் இலங்கைத் திருச்சபைக்கும் அத்தகைய காலமொன்று இருந்தது. அக்காலத்தின் மோசே, புனித யோசேவாஸ் அடிகளார்.

அடிகளார் 1651இல் கோவாவில் பிறந்தவர். ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிக் குருக்களை வெளியேற்றியபின், ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இங்கிருந்த கத்தோலிக்கர் மேய்ப்பரின்றித் தவித்தனர். அதைக் கேள்வியுற்ற அடிகளார் 1687இல் ஏழைக் கூலியாளின் கோலத்தில் வந்து சேர்ந்தார். கழுத்தில் செபமாலையுடன் வீடுவீடாகப் பிச்சை கேட்டு, அதைக் கண்டு முகம் மலர்ந்தோரை அடையாளம் கண்டுகொண்டார். இரவில், வீடுகளுக்குள் திருப்பலி நிகழ்ந்தது. கோயிலில்லாத மக்களிடம் கூடாரத்தின் இறைவன் மீண்டும் வந்தார் எனலாம்.

1692இல் கண்டியை அடைந்தபோது, போர்த்துக்கேய உளவாளியென ஐயுற்று அவரைச் சிறையிலிட்டனர். சிறை வளவிலேயே குடிசையொன்றை அமைத்துச் செபித்தார். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியது. நோயுற்றோரைக் காட்டில் கைவிட்டு ஊரே ஓடியது. அடிகளார் அவர்களைத் தேடிச் சென்று உணவூட்டினார், புண் கழுவினார், இறந்தோரைப் புதைத்தார். சமயம் கேட்டறிந்து அவர் உதவவில்லை என்பதை நாம் மறக்கலாகாது.

கோவாவுக்குத் திரும்பாமலே 1711 ஜனவரி 16இல் கண்டியில் மறைந்தார். 2015இல் கொழும்பில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். ஆனால், எத்தனையோ பேரைப் புதைத்த அவருடைய கல்லறை எங்குள்ளதென இன்று எவரும் அறியார். மோவாபில் அடக்கம் செய்யப்பட்ட மோசேயின் கல்லறையும் அவ்வாறே.

பதுளை, பசறை, அப்புத்தளைத் தோட்டங்களில் வாழும் குடும்பங்களே, உங்களுக்கு இது புதிதன்று. அடிகளாரின் காலத்தில் ஊவாவும் கண்டி இராச்சியத்தின் பகுதியே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் உங்கள் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தனர். வாந்திபேதியாலும் பசியாலும் எத்தனையோ பேர் வழியிலேயே மாண்டனர். மலையை எட்டியோரின் பிள்ளைகளிடமிருந்தும் 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டது. எஞ்சியோருக்கும் அதை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. இஸ்ரயேலரின் நாற்பதாண்டுகளையும் விஞ்சிய அலைச்சல் அது!

நவம்பரில் தோட்டத்துச் சேமக்காலைக்குச் செல்கையில், பெயரெழுதிய கல்லறைகளுக்கு ஏற்றும் மெழுகுதிரிகளோடு இன்னுமொன்றை எடுத்துச் செல்லுங்கள். அதை வாயிலருகே, வெறுந்தரையில், அந்தக் காட்டுவழியில் விழுந்தவர்களுக்காக ஏற்றுங்கள்.