மரத்தடியிலிருந்து மைதானத்துக்கு
தென்னாட்டுக் கிரிக்கெட்டின் தந்தை புச்சிபாபு நாயுடு

விருந்துக்கு வாருங்கள் என்று ஒருவரை அழைத்துவிட்டு, வீட்டுத் திண்ணையில்கூட ஏற்றாமல் வாசல் மரத்தடியில் இலை போட்டால் அழைக்கப்பட்டவர் மனம் என்ன பாடுபடும்? சென்னைச் சேப்பாக்கத்தில், ஏறக்குறைய 140 ஆண்டுகளுக்கு முன் இப்படித்தான் நடந்தது. 1846-ல் வெள்ளைக்காரர்கள் தங்களுக்காக அமைத்துக்கொண்ட மதராஸ் கிரிக்கெட் கிளப்பில், ஆட வந்த இந்தியர்களுக்கு மைதானத்தில் இடம் உண்டு. கட்டடத்துக்குள் இடம் இல்லை. இளைப்பாறுவதும், பகல் உணவு கொள்வதும் மரநிழலிலேதான்.

பலர் இதைப் பார்த்தார்கள், சகித்துக்கொண்டார்கள். ஓர் இளைஞர் மட்டும் சகிக்கவில்லை. அவர்தாம் மயிலாப்பூர் லஸ் ஹவுஸில் வாழ்ந்த வெங்கட மகிபதி நாயுடு. அந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. புச்சிபாபு என்றால் கிரிக்கெட் அபிமானிகள் எல்லோருக்கும் தெரியும்.

செல்வத்தில் பிறந்தவர்

புச்சிபாபு 1868-ல் பிறந்தார். அவரைச் சுவீகாரம் எடுத்து வளர்த்த பாட்டனார் மொத்தவரப்பு தேரா வெங்கடசாமி நாயுடு, பாரி கம்பெனியின் துபாஷியாக இருந்து பெரும்பொருள் ஈட்டியவர். துபாஷி என்றால் இரு மொழி அறிந்தவர் என்று பொருள். வெள்ளை வியாபாரிக்கும் நம் நாட்டு வியாபாரிக்கும் நடுவில் நின்று பேரம் முடித்துக் கொடுக்கும் செல்வாக்கான பதவி அது.

பணக்கார வீட்டுப் பிள்ளையாகையால், வெள்ளைக்காரத் தாதிகளின் பராமரிப்பில் வளர்ந்தார். சேப்பாக்கத்தில் நடந்த பந்தாட்டத்தைச் சிறு வயதிலேயே வேடிக்கை பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. ஆட்டத்தின் அழகும் அவர் மனத்தில் பதிந்தது. மரத்தடியில் ஒதுக்கப்பட்ட நம்மவர்களின் நிலையும் பதிந்தது.

கோபப்பட்டு என்ன பயன்? அடுத்தவன் வீட்டில் ஆசனம் கேட்டு மன்றாடுவதைவிட, நமக்கென்று ஒரு வீடு கட்டிக்கொள்வதே மேல் என்று அவர் தீர்மானித்தார்.

இருபது வயதில் ஒரு கிளப்

1888-ல் மதராஸ் யுனைடெட் கிளப் தோன்றியது. அப்போது புச்சிபாபுவுக்கு வயது இருபதுதான். கோட்டைக்கும், இன்று ஜார்ஜ் டவுன் எனப்படும் பகுதிக்கும் இடையே பரந்து கிடந்த எஸ்பிளனேடு திறந்தவெளியில் அதற்கு ஆடுகளம் அமைந்தது. இந்தியர்கள் தலைநிமிர்ந்து ஆடவும் உட்காரவும் சென்னையில் ஓர் இடம் கிடைத்தது. கல்கத்தாவில் புகழ்பெற்ற மோகன் பகான் கால்பந்துக் கிளப் பிறந்ததும் அடுத்த ஆண்டான 1889-ல்தான். நாட்டின் இரு மூலைகளிலும் ஒரே உணர்ச்சி ஒரே சமயத்தில் தலைதூக்கியது என்று சொல்லலாம்.

கிரிக்கெட் செலவு பிடித்த ஆட்டம். மட்டையும் பந்தும் கால்காப்பும் கப்பலில் வந்து இறங்க வேண்டிய காலம் அது. புச்சிபாபு கைப்பொருளைத் தாராளமாகச் செலவிட்டு இளைஞர்களுக்குச் சாமான்கள் வாங்கிக் கொடுத்தார்; பயிற்சி அளித்தார். தாமும் சிறந்த ஆட்டக்காரராக விளங்கினார். ஒதுக்கிவைத்தவர்களை ஏசிக்கொண்டிராமல், அவர்களோடு சமமாக மோதத் தகுந்த கோஷ்டியை உருவாக்குவதிலேயே இருபது ஆண்டுகள் உழைத்தார்.

கைக்கெட்டியது கண்ணுக்கு எட்டவில்லை

பம்பாயில் பார்ஸிகளும் ஐரோப்பியர்களும் 1892 முதல் மாகாணப் பந்தயம் ஆடி வந்தார்கள். அதுபோல் சென்னையிலும் இந்தியருக்கும் ஐரோப்பியருக்கும் ஒரு பந்தயம் நடக்கவேண்டும் என்பது புச்சிபாபுவின் நெடுநாள் கனவு. மதராஸ் கிரிக்கெட் கிளப்பைச் சேர்ந்த பார்ட்ரிட்ஜ் துரையுடன் பேசி அதற்கு ஏற்பாடு செய்தார். 1908 டிசம்பர் இறுதியில் பந்தயம் என்று முடிவாயிற்று. மரத்தடியில் உட்காரவைக்கப்பட்டவர்கள் சரிநிகராக எதிரில் வந்து நிற்கப் போகிறார்கள்!

ஆனால் விதியின் விளையாட்டு வேறாக இருந்தது. பந்தயத்துக்குச் சில நாட்கள் இருக்கும்போது புச்சிபாபு காலமானார். வயது நாற்பதுதான். துக்கத்தை அடக்கிக்கொண்டு அவருடைய தோழர்கள் களத்தில் இறங்கினார்கள், பி. சுப்பிரமணியம் தலைமை வகித்தார். தலைவன் போனாலும் ஆட்டம் நிற்கவில்லை.

விதைத்தது முளைத்தது

மறு ஆண்டே, 1909-ல், அவர் பெயரால் நினைவுப் பந்தயங்கள் தொடங்கின. புச்சிபாபு கோப்பையில் ஆடிப் பெயர் வாங்குவது தலைமுறை தலைமுறையாக இளம் ஆட்டக்காரர்களின் லட்சியமாயிற்று. சில ஆண்டுகள் நின்றுபோயிருந்த இப்பந்தயம் 2023-ல் மீண்டும் உயிர்பெற்றது.

பிள்ளைகளும் தந்தையின் வழியே சென்றார்கள். வெங்கடராமானுஜுலு, பாலையா இருவரும் சென்னைக் கிரிக்கெட்டில் பெயர் பெற்றனர். தாய்வழிப் பாட்டனாருக்குச் சுவீகாரம் போன சி. ராமசாமி, தந்தை மறைந்தபோது பன்னிரண்டு வயதுப் பாலகர். அவர் 1922-ல் டேவிஸ் கோப்பை டென்னிஸில் இந்தியாவுக்காக ஆடினார். பிறகு 1936-ல், நாற்பதாவது வயதில், இங்கிலாந்தில் மான்செஸ்டர் டெஸ்ட் பந்தயத்தில் இறங்கி 40, 60 என்று ஓட்டங்கள் எடுத்தார்.

புச்சிபாபு தொடங்கிய மாகாணப் பந்தயம் 1952 வரை நடந்தது. அதே 1952 பிப்ரவரியில், அதே சேப்பாக்கத்தில், இங்கிலாந்தை ஓர் இன்னிங்ஸும் 8 ஓட்டங்களும் வித்தியாசத்தில் தோற்கடித்து, இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியை அடைந்தது. அந்தக் காட்சியைப் பார்க்க அவர் இல்லை. ஆனால் நம்மவர் மரத்தடியில் சோறு உண்ட மைதானத்தில் வெற்றிக்கொடி பறந்தபோது, லஸ் ஹவுஸ் இளைஞரின் இருபது ஆண்டு உழைப்புக்கும் அதில் ஒரு பங்கு இருந்தது. அதை நாம் மறக்கலாகாது.