சீகன்பால்கு ஐயர்

முன்னுரை

சென்னையினின்று காஞ்சிபுரம் நோக்கிச் செல்வார் வழியிற் காணும் ஊர் திருப்பெரும்பூதூர். வைணவ ஆசாரியருள் தலைசிறந்து விளங்கிய இராமானுசர் 1017-ஆம் ஆண்டில் தோன்றிய திருவூர் அது. அவர் அரிதின் முயன்று பெற்ற மறைபொருளைத் தமக்கென ஒளித்து வையாது, திருக்கோட்டியூரில் உயர்ந்த இடத்தில் ஏறி நின்று, கூடியிருந்தோர் அனைவர்க்கும் எடுத்துரைத்தார் என்று குருபரம்பரைக் கதைகள் கூறும். ஆசிரியர் ஆணையைக் கடந்தமையால் தமக்கு நரகமே வாய்ப்பினும், பலர் உய்வராயின் அதுவே போதும் என்று அவர் கருதினாராம்.

அத்திருப்பெரும்பூதூரிலிருந்து ஒரகடம் வரையில் இன்று பெருந்தொழிற்சாலைகள் பல எழுந்துள்ளன. உந்து வண்டிகளும் மின்னணுக் கருவிகளும் அங்கே உருவாகின்றன. அவற்றின் பொருட்டு அயல்நாட்டார் பலர் கடல் கடந்து அவ்விடம் வருகின்றனர்; தொழிலை முடித்துத் தம் நாடு திரும்புகின்றனர். பழம்பெருமையும் புதுத்தொழிலும் ஒருங்கே விளங்கும் அவ்வூரை நினைக்குந்தோறும், முந்நூறு ஆண்டுகட்கு முன் தமிழகம் போந்த வேறோர் அயல்நாட்டார் நம் நினைவிற்கு வருகின்றார். அவர் இராமானுசரினின்றும் சமயத்தால் வேறுபட்டவர். எனினும் மறைபொருள் எல்லார்க்கும் உரியது என்னும் எண்ணத்தால் அவரோடு ஒன்றுபட்டவர். அவரே சீகன்பால்கு ஐயர்.

இளமைப் பருவம்

செருமானிய நாட்டில், சாக்சனி என்னும் பகுதியில், புல்சுனிட்சு என்பது ஒரு சிற்றூர். அவ்வூரில் 1682-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 10-ஆம் நாள் பர்த்தலோமேயு சீகன்பால்கு பிறந்தார். இளமையிலேயே அவர் தாயையும் தந்தையையும் இழந்தார். அன்னையார் இறக்குந் தறுவாயில் தம் மக்களை அருகழைத்து, அவர்கட்குத் தாம் வைத்துச் செல்லும் செல்வம் விவிலியமாகிய திருமறையே என்றும், அதனுள் தேடுவோர் அச்செல்வத்தைக் காண்பர் என்றும் கூறியதாகச் சொல்வர். பொன்னும் மணியும் காலத்தால் அழியும். அன்னை சுட்டிய செல்வமோ மகனுடைய வாழ்நாள் முழுதும் அழியாது நின்றது.

சீகன்பால்கு உடல்வலி குன்றியவர், அடிக்கடி நோய்வாய்ப்பட்டார். ஆயினும் கல்வியில் அவருக்கிருந்த வேட்கை குறையவில்லை. ஆலே என்னும் நகரில் பிராங்கே என்னும் பெரியார் ஏழைப் பிள்ளைகட்கென விடுதியும் பள்ளிகளும் நிறுவி நடத்தி வந்தார். திருமறையை நாள்தோறும் ஆழ்ந்து கற்றலும், தனித்திருந்து இறைவனை உளமுருகி வேண்டலும், கற்றவாறு ஒழுகிப் பிறர்க்கு உதவலுமே மெய்யான சமய வாழ்வு என்பது அவர் கொள்கை. அக்கொள்கை சீகன்பால்கின் உள்ளத்தில் ஆழ வேரூன்றியது.

அக்காலத்தில் தஞ்சை நாட்டுக் கடற்கரையிலுள்ள தரங்கம்பாடி தேனியர் ஆட்சியில் இருந்தது. 1620-ஆம் ஆண்டில் தஞ்சை நாயக்க மன்னர் இரகுநாதரிடம் இசைவு பெற்று அவர்கள் அங்கே கோட்டை அமைத்திருந்தனர். தேனிய மன்னர் நான்காம் பிரடெரிக்கு, தம் ஆட்சிக்குட்பட்ட அவ்வூர் மக்கட்குக் கிறித்தவ சமயத்தை அறிவிக்கத் தக்காரைத் தேடினார். சீகன்பால்கும் அவருடைய நண்பர் புளூச்சோவும் அப்பணிக்கு இசைந்தனர். 1705-ஆம் ஆண்டின் இறுதியில் கப்பலேறிய இருவரும், ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிக் கொண்டு, 1706-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 9-ஆம் நாள் தரங்கம்பாடியை அடைந்தனர்.

மணலில் எழுதிய மாணவர்

மன்னர் அனுப்பிய தூதுவர்க்குக் கரையில் நல்வரவு கிட்டவில்லை. வாணிகமே குறியாகக் கொண்ட கும்பினியாருக்குச் சமயப் பணியாளரின் வருகை உவப்பாயில்லை. கோட்டைத் தலைவர் அவர்களைப் புறக்கணித்தார். அதனினும் பெரிய தடை மொழி. வணிகர் சிலர் போர்த்துகேசிய மொழியை அறிந்திருந்தனர். ஊர்ப் பொதுமக்களோ தமிழ் ஒன்றையே அறிவர்.

இருபத்து நான்கு ஆண்டு நிரம்பிய சீகன்பால்கு, பல்கலைக் கழகத்திற் பயின்றவர். கிரேக்கமும் எபிரேயமும் கற்றவர். அவர் செய்தது யாது? உள்ளூர்த் திண்ணைப் பள்ளி ஆசிரியராகிய முதியவர் ஒருவரை வேண்டி, அப்பள்ளியைத் தம் மனையிலேயே நடத்தச் செய்தார். ஆங்குச் சிறுவரோடு சிறுவராகத் தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் நெடுங்கணக்கைப் பயின்றார். சிறுவர் முன் பிழைபடச் சொல்லவும் பின் திருத்திக் கொள்ளவும் அவர் நாணவில்லை. பிறர்க்குக் கற்பிக்க வந்தவர் முதலில் மாணவராகித் தரையில் அமர்ந்தார் என்பது எண்ணி எண்ணி மகிழத்தக்க செய்தியாகும்.

எழுத்துக் கற்றமட்டில் அவர் நின்றுவிடவில்லை. அயல்மொழிகள் பல அறிந்த அழகப்பன் என்பவர் அவருக்குச் சொற்பொருளை விளக்கினார். புலவர் ஒருவரும் ஏடெழுதுவார் ஒருவரும் அவர் இல்லத்தில் இருந்து துணை செய்தனர். காலையில் சொற்களை உருப்போடுவார். நண்பகல் வரையில் ஓலைச் சுவடிகளைப் படிப்பார். மாலையில் மீண்டும் படிப்பார். இரவில் பிறர் படிக்கக் கேட்பார். ஒரே நூலை ஐயமறத் தெளியும்வரை பலமுறை பயில்வது அவர் வழக்கம். இங்ஙனம் பல்லாயிரம் தமிழ்ச் சொற்களைத் தொகுத்துப் பொருள் எழுதி வைத்தார்.

தமிழர் நாகரிகம் அறியாதவர் என்னும் எண்ணத்தோடு ஐரோப்பியர் பலர் அந்நாளில் இங்கு வந்தனர். சீகன்பால்கும் தொடக்கத்தில் அவ்வெண்ணத்திற்கு விலக்கானவர் அல்லர். ஆனால், தமிழ் நூல்களைக் கற்கக் கற்க அவ்வெண்ணம் பிழையென உணர்ந்தார். அதனைத் தம் நாட்டார்க்கு ஒளியாது எழுதியும் விடுத்தார். நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளைத் திரட்டி, அவற்றின் பெயரும் பொருளும் குறித்து 1708-ஆம் ஆண்டில் ஓர் அட்டவணை வகுத்தார். அவ்வாண்டிலேயே நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகிய அறநூல்களைச் செருமானிய மொழியில் பெயர்த்தார். நம் சிறுவர் பயிலும் நூல்களை அவர் தம் நாட்டுப் பெரியார்க்கு உரியவை எனக் கருதினார்.

சிறையும் திருமறையும்

கிறித்தவத் திருமறையைத் தமிழிற் பெயர்ப்பதே அவர் வாழ்வின் நோக்கம். மக்கள் தம் தாய்மொழியில் மறையைத் தாமே கற்றல் வேண்டும். குருமார் கூறுவதைக் கேட்டு அமைதல் மட்டும் போதாது என்பது அவர் சார்ந்த சபையாரின் கொள்கை. முன்னாளில் மார்ட்டின் லூதர், செருமானியக் கோட்டை ஒன்றில் மறைந்திருந்தபோது புதிய ஏற்பாட்டைத் தம் மக்கள் மொழியில் ஆக்கினார்; அது 1522-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவ்வழியைப் பின்பற்றிச் சீகன்பால்கு 1708-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 17-ஆம் நாள் தமிழாக்கத்தைத் தொடங்கினார்.

தொடங்கி ஒரு திங்கள் கழிந்த அளவில் இடையூறு நேர்ந்தது. கடன் பற்றிய வழக்கொன்றில் துணையற்ற தமிழ்க் கைம்பெண் ஒருத்திக்காக அவர் பரிந்து பேசினார். எதிரில் நின்றவன் கும்பினியின் பணியாளன். கோட்டைத் தலைவர் அதனைத் தம் அதிகாரத்தில் தலையிடும் செயலாகக் கருதிச் சினந்து, அவரைத் தான்சுபர்க்குக் கோட்டையில் சிறையிட்டார். வாளா இருந்திருப்பின் அவர் நலமாக இருந்திருக்கலாம். மொழிபெயர்ப்பும் தடையின்றி நடந்திருக்கும். ஆயினும், ஏழையின் துயரைக் கண்டு வாய் மூடியிருப்பவன் மறையைப் பெயர்த்து ஆவது என்ன?

நான்கு திங்கள் அவர் சிறையில் இருந்தார். எழுதுதற்குரிய பொருள்கள் முதலில் அவருக்கு மறுக்கப்பட்டன. கடலோசை கேட்கும் அச்சிறையில், தாம் நன்கு கற்றிருந்த திருமறையும் இறைவேண்டலுமே அவருக்குத் துணையாயின. கையில் ஏடில்லாத போதும் நெஞ்சில் பதிந்த கல்வி உதவும் என்பதற்கு அது சான்று. எழுதும் வாய்ப்புக் கிட்டியபின், சிறையிலிருந்தே சமய நூல்களை எழுதினார். 1709-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் விடுதலை பெற்றதும், விட்ட பணியை மீண்டும் தொட்டார். 1711-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 31-ஆம் நாள் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் நிறைவெய்தியது.

அச்சேறிய தமிழ்

ஓலையிற் படியெடுத்தால் எத்துணைப் பேர் கையில் நூல் சேரும்? ஆகவே அச்சுப்பொறியை நாடினார். தமிழ் எழுத்து அச்சேறியது அதுவே முதன்முறை அன்று. கத்தோலிக்கத் துறவியர் 1578-ஆம் ஆண்டிலேயே கொல்லத்தில் தமிழ் நூலொன்றை அச்சிட்டனர். ஆனால் அம்முயற்சி பின்னர் மங்கி மறைந்தது.

இலண்டனிலிருந்த கிறித்தவக் கழகம் ஒன்று அச்சுப்பொறியை அனுப்பியது. அதனைத் தாங்கிய கப்பலைப் பிரெஞ்சுக்காரர் நடுவழியில் கைப்பற்றினர். உடன்வந்த அச்சாளரும் வழியிலேயே இறந்தார். பொறி மட்டும் 1712-ஆம் ஆண்டில் தரங்கம்பாடியை அடைந்தது. ஆலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துக்கள் 1713-ஆம் ஆண்டில் வந்தன. அவை அளவிற் பெரியனவாய் இருந்தமையால், இருந்த தாள் போதாதென்பது தெரிந்தது. உடனே அண்மையிலுள்ள பொறையாற்றில் சிறிய எழுத்துக்களை வார்த்தனர். அதற்கு வேண்டும் ஈயம் கிட்டாமல், இங்கிலாந்திலிருந்து பாலாடைக் கட்டிகளைப் பொதிந்து வந்த ஈயத் தகடுகளை உருக்கினர் என்பர். தாளின் தட்டுப்பாட்டை நீக்கப் பொறையாற்றில் காகித ஆலையும் எழுந்தது.

இவ்வளவு இடர்களையும் கடந்து புதிய ஏற்பாடு 1714, 1715-ஆம் ஆண்டுகளில் அச்சாகி நிறைவுற்றது. இந்திய மொழிகளுள் முதன்முதல் அச்சேறிய புதிய ஏற்பாடு தமிழிலமைந்த இந்நூலே. அதன் நடை புலவர் போற்றும் செந்நடை அன்று. பேச்சு வழக்கு அதில் மிகுதி. சமகாலத்தவராகிய வீரமாமுனிவர் தரங்கம்பாடியாரின் தமிழைக் குறை கூறினார். அக்குறை பொய்யன்று. ஆயினும் முதலில் காட்டை வெட்டி வழி திறந்தவனிடம், வழி ஏன் செம்மையாக இல்லை என்று மட்டும் கேட்பது முறையாகாது. பின்வந்த சூல்ச், பப்பிரிசியு முதலியோர் அவ்வழியைத் திருத்திச் செப்பனிட்டனர்.

பிற பணிகளும் இறுதியும்

தரங்கம்பாடிக்கு வந்த அடுத்த ஆண்டிலேயே அவர் பிள்ளைகட்குப் பள்ளி அமைத்தார். சிறுமியர்க்கும் கல்வி அளித்தார். மறையை மொழிபெயர்த்தால் போதாது. அதனைப் படிக்க மக்கள் எழுத்தறிதல் வேண்டுமன்றோ? 1714-ஆம் ஆண்டின் இறுதியில் ஐரோப்பா சென்று, இலத்தீன் மொழியில் தாம் எழுதிய தமிழ் இலக்கணத்தை 1716-ஆம் ஆண்டில் ஆலே நகரில் அச்சிட்டார். அப்பயணத்திலும் மலையப்பன் என்னும் தமிழ் இளைஞர் துணையோடு பழைய ஏற்பாட்டின் தமிழாக்கத்தைத் தொடர்ந்தார்.

தமிழ் மக்கள் வழிபடும் தெய்வங்களைப் பற்றி 1713-ஆம் ஆண்டில் அவர் விரிவான நூலொன்று எழுதினார். அவர் உருவ வழிபாட்டை மறுத்தவர். அம்மறுப்பை வெளிப்படையாகவே உரைத்தவர். எனினும் பிறர் சமயத்தை அவர்தம் நூல்களினின்றும் அவர்தம் வாய்மொழியினின்றும் அறிதல் வேண்டும் என்று கருதினார். அந்நூலை ஆலேயிலிருந்த பெரியோர் விரும்பவில்லை. அதனை அச்சிடாது வைத்தனர். 1867-ஆம் ஆண்டில்தான் அது சென்னையில் அச்சாகி வெளிவந்தது. தம்மை அனுப்பியோரிடமிருந்தே தடையும் கடுஞ்சொல்லும் பெறுவது எத்துணைத் துயரம்! கோபனேகனிலிருந்த மேலாளரும் அவருடைய பணிமுறையைக் கடிந்து கடிதங்கள் எழுதினார். அவை அவர் உள்ளத்தை வருத்தின.

1718-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், புதிய எருசலேம் என்னும் திருக்கோயிலைக் கட்டி முடித்துத் திறந்தார். அதன்பின் அவர் நெடுநாள் வாழவில்லை. 1719-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 23-ஆம் நாள், தம் முப்பத்தாறாம் வயதில் இயற்கை எய்தினார். பழைய ஏற்பாட்டில் ரூத்து என்னும் பகுதி வரையிலேயே அவருடைய தமிழாக்கம் சென்றிருந்தது. எஞ்சியதைச் சூல்ச் முடித்தார். அவர் கட்டிய திருக்கோயிலினுள்ளேயே அவருடல் அடக்கம் செய்யப்பெற்றது.

முடிவுரை

தேனியர் தரங்கம்பாடியை 1845-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர்க்கு விற்றுச் சென்றனர். அவரைச் சிறையிட்ட கோட்டை இன்று காட்சிப் பொருளாய் நிற்கின்றது. அதிகாரம் அகன்றது; வாணிகம் மறைந்தது. மணலில் எழுதிப் பயின்ற ஒருவரின் கல்வி மட்டும் நூலாய் நிலைத்தது.

மாணவர்களே, நம்பிக்கை என்பது வாயால் உரைப்பது மட்டும் அன்று. சீகன்பால்கு ஐயரிடத்தில் அது அயல்மொழி எழுத்தைப் பணிவோடு கற்கும் பொறுமையாக விளங்கியது. கைம்பெண்ணுக்காகச் சிறை புகும் துணிவாக விளங்கியது. ஈயத்தை உருக்கி எழுத்து வார்க்கும் உழைப்பாகவும் விளங்கியது. நாம் எச்சமயத்தைச் சார்ந்தவராயினும் நம் மறையை நாமே கற்று உணர்வோமாக. பிறர் மறையை அறியாது இகழாதிருப்போமாக. உயர்ந்த பொருளை ஒளித்து வையாது எல்லார்க்கும் வழங்கிய இராமானுசரும், தாம் செல்வமெனக் கருதியதைத் தமிழ் மக்கள் மொழியில் தந்த சீகன்பால்கும் நமக்குக் காட்டும் நெறி இதுவேயாகும்.